யார் பேரில்?

இராமநாதபுரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தை ஒட்டியுள்ள பத்திர எழுத்தர் கடைகளில் ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கும் கேள்வி இது: "யார் பேர்ல சார் போடுறது?" கேள்வி எப்போதும் சாரிடம்தான் போகும். அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் ஆதார் நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தக் கேள்வியோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது: "அம்மா பேர்ல போட்டா ஒரு பர்சன்ட் குறையும் சார்." 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டையோ மனையையோ பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி என்று தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதிகபட்சமாகக் கணக்குப் போட்டால் 10,000 ரூபாய்.

இதை நான் கேலி செய்யவில்லை. சீட்டுப் போட்டு இரண்டு சென்ட் வாங்கும் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்பது வேலிக் கம்பிக்கான காசு. பெயர் ஒருமுறை வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டால், அவள் கையெழுத்து இல்லாமல் அடுத்த விற்பனை நடக்காது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியுமா? பத்திரத்தில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

எங்கள் கரையில் நிலத்தின் விலையைப் பாலங்கள் எழுதியிருக்கின்றன. 1914இல் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய தூக்குப் பாலம். நடுவே 2017இல், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை. ஒவ்வொரு முறையும் அக்கரையிலும் இக்கரையிலும் மணலுக்கு ஒரு விலை கூடியது. இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் வழியில் சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டு, மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் பத்து நிமிடம், கடலுக்கு ஐந்து நிமிடம் என்று பலகைகள். பலகையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும். புருஷன் கையில் சாவி. மனைவி சாவியைப் பார்க்க மாட்டாள், அவனைப் பார்ப்பாள்.

விசாரிக்கப் போனால் முதல் கேள்வி விலையைப் பற்றி இருக்காது. "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" பதில் பிடிக்கவில்லை என்றால் அந்த மனை அப்போதுதான் வேறு யாருக்கோ புக் ஆகியிருக்கும். யார் பேரில் என்ற கேள்விக்கு முன்னால் இப்படி ஒரு சல்லடை இருக்கிறது. பெண்ணின் சொத்துரிமை என்று நாம் பேசும்போது, சல்லடையிலேயே நின்றுவிட்ட பெண்களை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உடைமை என்பது ஒற்றைச் சொல். உள்ளே பிரித்துப் பார்த்தால் பல உரிமைகள்: புழங்குவது, குடியிருப்பது, விளைவதை எடுப்பது, பிள்ளைகளுக்கு விட்டுப் போவது, அடகு வைப்பது, விற்பது. சந்தைக்கு இதில் கடைசி இரண்டும்தான் தெரியும். விற்க முடிந்தவர் உடைமையாளர், அவ்வளவுதான். பெண்களுக்கு நம் சமூகம் வழக்கமாகக் கொடுத்து வந்தது முதல் இரண்டை மட்டும். இரு, புழங்கு, பெருக்கித் துடை. இதை வைத்துக்கொண்டு 'பெண்ணுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு வணிகமற்றது, ஆழமானது' என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். விற்க விடாமல் வைத்திருந்துவிட்டு, விற்காததைப் புனிதமாக்குவது என்ன நியாயம்?

சேது சீமைக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. 1803இல் ஆங்கிலேயர்கள் இராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக எழுதிக் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு: ராணி மங்களேஸ்வரி நாச்சியார். பின்னால் வந்த ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் எழுதிக் கொடுத்த அனுமதி எதுவும் இல்லாமல் ஒரு பையனைத் தத்தெடுத்தார். விதவைக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தத்து செல்லாது என்றால் ஜமீன் அரசாங்கத்துக்கு. மதுரைக் கலெக்டர் அதற்காகத்தான் வழக்காடினார். கணவனின் உறவுமுறையார் சம்மதித்தால் போதும், தென்னாட்டு வழக்கப்படி தத்து செல்லும் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. 'இராம்நாடு வழக்கு' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். பெண் வென்ற வழக்கு. ஆனால் வென்றது எதை? ஓர் ஆணுக்குச் சொத்தைக் கைமாற்றும் அதிகாரத்தை. அதற்கும் வேறு சில ஆண்களின் சம்மதம் வேண்டும்.

ராணிக்கே அப்படி என்றால் சாதாரண விதவைக்கு என்ன? கணவன் சொத்தை ஆயுள்வரை அனுபவிக்கலாம். தவிர்க்க முடியாத தேவை என்று காட்டினால் தவிர விற்கக் கூடாது. அவள் செத்தால் சொத்து கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, நாட்டின் சட்டம் இந்த இடத்தில்தான் நின்றிருந்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவையின் அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கக் கூடாது என்றது. மகள் அந்த வீட்டில் தங்கலாம். அதுவும் கல்யாணம் ஆகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால். அதாவது அவள் வாழ்க்கையில் ஏதோ ஒன்று இல்லாமலோ உடைந்தோ போனால்தான் பிறந்த வீட்டில் ஒரு மூலை. இந்தப் பிரிவு 2005 வரை இருந்தது. நம் தமிழ்நாடு 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது என்று பெருமையாகச் சொல்கிறோம், சரிதான். அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகள்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தடை 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தோடு நீங்கியது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இருந்திருக்க வேண்டியதில்லை.

ஆக, காகிதத்தில் இன்று பாக்கி அதிகமில்லை. பிறகு ஏன் பதிவு அலுவலக வாசலில் இவ்வளவு விடுதலைப் பத்திரங்கள்?

இந்தப் பெயரை முதலில் கேட்கும் எவரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பதற்குத்தான் நம் பதிவுத் துறையில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு, யாரிடமிருந்து விடுதலை என்று கேட்கத் தோன்றும். மனைப் புரோக்கர் வந்து காட்டுக்கு விலை சொன்ன பிறகுதான் பல வீடுகளில் மகள்களின் பெயர் ஞாபகம் வருகிறது. அதுவரை அந்த நிலத்தில் ஆடு மேய்ந்திருக்கும். தம்பி வாடகைக் கார் பிடித்து அக்காமார்களை அழைத்து வருவான். ஆளுக்கு ஒரு சேலை, மதியம் நல்ல சாப்பாடு. சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "சம்மதம்தானேம்மா?" என்பார். "சம்மதம்." தம்பி பின்னால் நின்றுகொண்டிருப்பான். மிரட்டல் இல்லை, கத்தி இல்லை, ஏமாற்றும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு இது முழுச் சம்மதம்.

அறியாமையால் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், முதுகுளத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டவர், தன் பங்கின் சந்தை விலையைச் சென்ட் கணக்கில் சொன்னார். சொல்லிவிட்டு, "நாளைக்கு எம் மக சடங்குக்குத் தாய்மாமன்னு யாரு வந்து நிப்பா?" என்றார். அவர் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடைசியில் தன் பிணத்துக்குப் போடும் பிறந்த வீட்டுக் கோடி வரைக்கும் அந்த வாசல் வேண்டும். புருஷன் அடித்தால் இரண்டு நாள் வந்து இருக்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணைக்கான காப்பீட்டுத் தவணையாகத்தான் பங்கைக் கட்டுகிறார். கேள்வி அவரிடம் கேட்கப்பட வேண்டியதல்ல. தம்பிக்கு அக்கா வேண்டுமென்றால் அவன் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அக்காவுக்குத் தம்பி வேண்டுமென்றால் மட்டும் ஏன் இத்தனை லட்சம்? பாசத்துக்கு ஒரு பக்கம் மட்டும் விலை வைத்திருக்கும்போது, அங்கே சொல்லப்படும் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது? பணத்துக்கு ஒருவர் சிறுநீரகத்தைக் கொடுத்தால் விற்கச் சம்மதித்தார் என்று நாம் விட்டுவிடுவதில்லை. என்ன நிலைமை அவரை அங்கே தள்ளியது என்று பார்க்கிறோம்.

இதே மாவட்டத்தில், பெண்ணுக்கு வேறு மாதிரி வீடு கொடுக்கும் ஊர் இருக்கிறது. கீழக்கரை. கிழக்குக் கரையின் மரைக்காயர் ஊர்கள் சிலவற்றைப் போல, காயல்பட்டினத்தைப் போல, இங்கும் கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மகள்கள் நான்கு பேர் என்றால் நான்கு வீடு, அல்லது ஒரு வீட்டில் நான்கு பாகம். வாரிசுப் பங்கில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு என்ற மார்க்கச் சட்டத்தை இந்த ஊர்கள் மீறவில்லை. வாப்பா உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். கப்பலிலும் வியாபாரத்திலும் ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே இருந்த ஊர்களில், வீடு வீட்டில் இருப்பவர் கையில் இருந்தது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் கீழக்கரைப் பெண்கள் விடுதலை பெற்றவர்கள்' என்று துள்ளும் தோழிகளையும், 'இது வரதட்சணையின் இன்னொரு பெயர்' என்று ஒரே வரியில் முடிக்கும் தோழிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே அவசரம். வீடு இல்லாமல் மாப்பிள்ளை அமையாது என்பது உண்மை. ஊருக்குள் இடம் விலை ஏற ஏற, தங்கைக்கு வீடு கட்டுவதற்காக வளைகுடாவில் வருஷங்களைக் கழிக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள். வீடு கட்ட வழியில்லாத உம்மா தூக்கமில்லாமல் கிடக்கிறாள். பெண்ணின் பேரில் இருக்கிறதே தவிர, அவள் அதை விற்றுவிட்டு வேறு ஊரில் கடை வைக்கிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். இதையெல்லாம் ஒத்துக்கொண்டு சொல்கிறேன்: அந்த வீட்டில் சண்டை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர் மாப்பிள்ளை. அவள் உம்மா பக்கத்து அறையில், ராத்தா அடுத்த வீட்டில். 'என் வீட்டை விட்டு வெளியே போ' என்ற வாக்கியத்தை, தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் கேட்டு வளர்ந்த அந்த வாக்கியத்தை, அங்கே ஒரு புருஷன் சொல்ல முடியாது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கல்யாணமான பெண்களிடம் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். வீடோ நிலமோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். படிப்பு, வேலை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. அந்தப் பெண்கள் சொத்தை விற்றதால் இது நடக்கவில்லை. விற்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் பெயர் மட்டும் போதாது என்பதும் தெரியும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் சீதனக் காணி பெண்ணுக்கே உரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போவது. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, கல்யாணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் தன் சொத்தை விற்க அவளைக் கேட்க வேண்டியதில்லை. காணி அவளுடையது, பேனா அவனுடையது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளிலோ தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் வீடு மகளுக்கு என்ற வழக்கம் கீழக்கரையை விடவும் ஆழமாக வேரோடியது. 2004 சுனாமி அந்த வீடுகளைக் கொண்டுபோனது. புது வீடு கொடுக்க வந்த அரசாங்கத்தின் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தலைவர் என்றால் ஆண் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். தலைமுறைகளாகத் தாய் வழியில் வந்த வீடு, பல குடும்பங்களில் ஒரு படிவத்தில் கணவன் பெயருக்குப் போனது. அலை எடுத்தது சுவரை. உரிமையை எடுத்தது அந்தக் கட்டம்.

இதுவரை சொன்ன எல்லாப் பெண்களுக்கும் ஏதோ ஒரு காகிதத்தில் பெயர் வரக்கூடிய வாய்ப்பாவது இருந்தது. பாம்பன் சின்னப்பாலத்திலும், திருப்புல்லாணி ஒன்றியத்தில் பாரதி நகரிலும் இருக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிய பாறைகளில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கையால் பறிப்பவர்கள். காலில் தகடு, விரலில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. அவர்கள் அம்மா எடுத்தார், அம்மாவின் அம்மா எடுத்தார். 1986இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அன்றிலிருந்து சட்டப்படி அவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள். படகைப் பிடித்து வைப்பதும் அபராதம் போடுவதும் நடந்தன.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். கூடிப் பேசித் தங்களுக்கே விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது. ஆண்டில் 45 நாள் பாசி வளர முழு ஓய்வு. சுரண்டும் இரும்புக் கருவி கூடாது, வேர் பாறையில் இருக்க வேண்டும். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர்கள், உடைமையாளர் என்று சொல்லிக்கொள்கிற யாரும் செய்யாததைச் செய்திருக்கிறார்கள்: தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். மனை போட்டு விற்பவரிடம், 'இந்தக் கரையில் இத்தனை மனைக்கு மேல் போட மாட்டோம்' என்று ஒரு தீர்மானத்தை யாராவது கேட்டதுண்டா?

அப்படியானால் கடலுக்கும் பட்டா கொடுத்துவிடலாமா? பாறையைத் தலைக்கு இத்தனை அடி என்று பிரித்துப் பெண்கள் பேரில் எழுதிவிட்டால்? நான் இதை ஒரு பாசிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். சிரித்தார். "பட்டா குடுத்தா அடுத்த வருசமே அடகுக் கடையில கெடக்கும். எங்களத் தடுக்காம இருந்தாப் போதும்." அவர் கேட்பதும் மறுக்கும் உரிமைதான், ஆனால் தனியாளாக இல்லை. வனத்துறைக்கும் சரி, வியாபாரிக்கும் சரி, சொந்த வீட்டு ஆணுக்கும் சரி, 'முடியாது' என்று சேர்ந்து சொல்லக்கூடிய ஓர் இடம். விதவைக்குச் சட்டம் கொடுத்த 'இருக்கலாம், விற்க முடியாது' என்பதும், இவர்கள் தாங்களே முடிவு செய்த 'எடுப்போம், விற்க மாட்டோம்' என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் அவள் வாயைப் பிறர் மூடினார்கள். இன்னொன்றில் அவள் வாய் திறந்து முடிவைச் சொன்னாள். நமக்கு வேண்டிய அளவுகோல் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் யாருடையது என்று பார்த்துவிட்டு நிறுத்தாமல், மாட்டேன் என்று அவள் சொன்னால் மறுநாள் அவள் வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். தாய்மாமன் வருவாரா, புருஷன் அடிப்பானா, படகைப் பிடிப்பார்களா?

எடுத்த பாசி காய்ந்தால்தான் விலை. அதற்கு வெயிலும் விரிக்க இடமும் வேண்டும். ஊரை ஒட்டிய மணல்திட்டு எப்போதும் அதற்கான களமாக இருந்தது. கருவாடும் அங்கேதான் காயும். வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு. 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கடலோரக் கிராமங்களில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. களங்களுக்குப் பக்கத்தில் கற்கள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன. போன அமாவாசைக்கு எடுத்த பாசியைத் தார்ச்சாலையின் ஓரத்தில் விரித்திருந்தார்கள். சுற்றுலா வேன் ஒன்று ஒதுங்காமல் வந்தது. வயதான ஒருத்தி எழுந்து, நடுரோட்டுக்கு வந்து, கையிலிருந்த குச்சியை நீட்டி அதைச் சுற்றிப் போகச் சொன்னார். வேன் சுற்றிப் போனது.